வி-கிராஸ் பிக்கப்பை வீட்டிலேயே ஆஃப்ரோடு பயணத்துக்குத் தயார் செய்ய முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். 2017 இசுசு வி-கிராஸ், 245/70 ஆர்16 டயர், ஊர் கோயம்புத்தூர். அடுத்த ஆண்டு நான்கு பேராக ஸ்பிதி, லடாக் போகத் திட்டம். அதற்குள் 3 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), 33 அங்குல டயர், இரும்பு பம்பரோடு வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), கூரை டென்ட், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் டிராயர், ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி எல்லாம் போட வேண்டும். இதில் எதையெல்லாம் வீட்டு போர்டிகோவில் நீங்களே செய்யலாம், எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது வேலை வரிசை பற்றிய கேள்வி. அடியில் இருப்பது எடைக் கேள்வி. இந்த வண்டி அவ்வளவையும் சுமக்குமா, சுமந்தால் எந்த இடத்தில் சுமக்கும் என்று தெரியாமல் முதல் போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு. ஓட்டுநர் உட்பட ஆட்கள், சாமான், புதிதாகப் பூட்டும் இரும்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்) பிக்கப்களில் இந்த எண் பெரும்பாலும் நாம் நினைத்திருப்பதைவிடச் சின்னது. உங்கள் பட்டியலைக் கூட்டிப் பார்ப்போம். இரும்பு பம்பர் 50 கிலோ, வின்ச் 40. டென்ட் 60, அதைத் தாங்கும் ரேக் 30. 18 மி.மீ. பிளைவுட்டில் டிராயர் 100. ஈய பேட்டரி 30. ஃபிரிட்ஜும் உள்ளே இருப்பதும் 35. கேனோடு 40 லிட்டர் தண்ணீர் 43. ஐந்து பெரிய டயருக்கும் கூடுதலாக 30, கனமான பட்டைக்கு (பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) 25, ஜாக்கி, கயிறு, டூல்ஸ் 30. மொத்தம் 470 கிலோவைத் தாண்டுகிறது. ஆளுக்கு 70 கிலோ என்றால் நான்கு பேர் 280. ஆக 750. துணிமணி இன்னும் ஏறவில்லை. இவை தோராயமான எடைகள்தான். வாங்கும் பொருளின் பெட்டியில் போட்டிருப்பதை வைத்து நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் திருத்தினாலும் முடிவு பெரிதாக மாறாது.

அடுத்து ஊருக்கு வெளியே இருக்கும் லாரி எடைமேடைக்குப் போங்கள். மூன்று முறை நிறுத்த வேண்டும்: முழு வண்டி, முன் அச்சு மட்டும் மேடையில், பின் அச்சு மட்டும் மேடையில். டேங்க் நிரம்பியிருக்கட்டும், டீசலே 60 கிலோவுக்கு மேல் வரும். இந்த மூன்று சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பட்டை எவ்வளவு தடிமன், முன் ஸ்பிரிங் எந்த ரகம் என்பதெல்லாம் இந்தச் சீட்டிலிருந்துதான் முடிவாகும். கடைக்காரரிடம் கேட்டால் எல்லோருக்கும் விற்கும் அதே கிட்டைத்தான் எடுத்துக்கொடுப்பார்.

மொத்த எடை எவ்வளவு முக்கியமோ, அது உட்காரும் இடமும் அவ்வளவு முக்கியம். வண்டியின் வீல்பேஸ் சுமார் 3.1 மீட்டர். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் அச்சில் ஏறுவது 132 கிலோ; முன் அச்சிலிருந்து 32 கிலோ குறைந்துபோகும். பூங்காவில் இருக்கும் ஏற்ற இறக்கப் பலகை (சீ-சா) மாதிரிதான். முன்னால் அச்சுக்கு 0.9 மீட்டர் தள்ளி 90 கிலோ பம்பரும் வின்ச்சும் மாட்டினால் முன் அச்சில் 116 கிலோ ஏறும். டபுள் கேப் பிக்கப்களின் சேசிஸ் வளைவது பெரும்பாலும் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில்தான். கனமெல்லாம் டெயில்கேட் பக்கம், அதோடு குழியில் வேகமாக இறக்குவது, இவை சேர்ந்தால் நடப்பது அது. பின்னால் தாழ்கிறதே என்று பட்டைக்கு மேல் ஏர்பேக் (சுமை தாங்கும் காற்றுப்பை) வைப்பவர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள். பட்டை தன் இரு முனைகளிலும் சுமையைப் பகிர்ந்து சேசிஸுக்குக் கொடுக்கிறது. ஏர்பேக் நடுவில் ஒரே புள்ளியில் குத்துகிறது. அதனால் தண்ணீர், பேட்டரி, டூல்ஸ் போன்ற கனமானவை கேபின் சுவரை ஒட்டித் தரையில். படுக்கை, துணி போன்ற லேசானவை பின்னால். ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம் இது.

இனி டயர். முதலில் பணம் போக வேண்டியது இங்கேதான், ஆனால் 33 அங்குலம் வேண்டாம். 245/70 ஆர்16-இன் விட்டம் 749 மி.மீ. 33 என்று சொல்லப்படும் 285/75 ஆர்16 போட்டால் 834, அதாவது 11 சதவீதம் அதிகம். ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீளமாகிவிடும். ஹேர்பின்னில் நின்று கிளம்ப கிளட்சை அதிகம் வழுக்க வேண்டியிருக்கும். காற்று மெலிந்த உயரத்தில் டர்போ எழும்வரை இன்ஜினிலும் உயிர் இருக்காது. பிரேக்கும் அதே அளவு தளர்ந்த மாதிரி தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உள் ஃபெண்டரில் உரசும், பிறகு அதை வெட்டுவீர்கள். 265/70 ஆர்16 ஆல்-டெரெய்ன் போதும். விட்டம் 777, வேறுபாடு 3.7 சதவீதம், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது அசலில் சுமார் 3 கி.மீ. கூட. கிரவுண்ட் கிளியரன்ஸ் 14 மி.மீ.தான் கூடும், ஆனால் பிடிப்பும் பக்கச்சுவரின் பலமும் வேறு ரகம். மட்-டெரெய்ன் தேவையே இல்லை. மணாலியை எட்டவே 2,500 கி.மீ.க்கு மேல் தார் ரோட்டில் ஓட்டப்போகிறீர்கள். ஈரத் தாரில் அது வழுக்கும், இரைச்சலில் நாலு பேருக்கும் தலைவலி வரும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும், தொட்டிக்கு அடியில் அது உட்காருகிறதா என்று வாங்கும் முன் டேப் வைத்துப் பாருங்கள். பின்னால் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்று போட்டு ஓட்டினால் கிரவுன் (அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல்) சூடாகும். அதோடு ஃபோர்-வீலும் போட்டால் முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து அடிவாங்கும்.

காற்றை இறக்கப் பழகுங்கள், லிஃப்ட்டைவிட அதிகம் உதவும். தாரில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. என்றால், நீண்ட ஜல்லிப் பாதையில் 26, மணலில் 16 முதல் 18. பதினைந்துக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். இறக்கிய காற்றோடு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. உயரத்தில் டயர் வெடிக்கும் என்று ஒரு பயம் உலவுகிறது. 35 டிகிரி வெயிலில் 33 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினால், 5,000 மீட்டரில் வெளிக்காற்று மெலிவதால் கேஜில் சுமார் 7 கூடும், 5 டிகிரி குளிரால் 5 குறையும். மிச்சம் 2. விட்டுவிடலாம்.

லிஃப்ட்டுக்கு வருவோம். முன்னால் டபுள் விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் திட அச்சும் பட்டையும். முன்பக்கம் 40, மிஞ்சினால் 50 மி.மீ.யோடு நிறுத்துங்கள். நீங்கள் கேட்ட 3 அங்குலம் என்பது 75. அந்த உயரத்தில் டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயிண்ட் எப்போதும் கோணலாகவே சுழலும், ரப்பர் பூட் மடிப்பு ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், தூசி உள்ளே போகும். மேல் ஆர்மின் பால் ஜாயிண்டும் எல்லையில் போய் நிற்கும், கேஸ்டர் (ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தும் சாய்கோணம்) குறைந்து ஸ்டீயரிங் நெடுஞ்சாலையில் அலையும். பின்பக்கம் உயர்த்த, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது மலிவான வழி. உயரமான கட்டை வைத்தால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு பட்டை எஸ் வடிவில் வளையும். எடைமேடைச் சீட்டில் வந்த பின் அச்சு எடைக்கு ஏற்ற முழுப் பட்டை செட் போடுவதுதான் சரி. அளவுக்கு மீறிய தடிமனும் தொல்லை. காலியாக ஓடும் நாளில் கழுதை மாதிரி உதைக்கும்.

முன் ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து பிரிப்பதை வீட்டில் செய்யாதீர்கள். அழுத்தி வைத்த காயிலில் அடைபட்டிருக்கும் விசை, வாடகைக்கு வாங்கிய இரண்டு கொக்கி கம்ப்ரெசர் வழுக்கினால் முகத்துக்கு நேராக வரும். கழற்றி எடுத்த ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய் ஸ்பிரிங் மாற்றி வாங்கி வாருங்கள், மாட்டுவதை நீங்கள் செய்யலாம். பின் பட்டை மாற்றுவது வீட்டு வேலையே. தேவை: மட்டமான சிமென்ட் தரை, நல்ல தரமான ஆக்சில் ஸ்டாண்ட் நான்கு, டார்க் ரெஞ்ச், துணைக்கு ஒரு ஆள். ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அது நொறுங்கும்போது முன்னறிவிப்பு தராது. சேசிஸில் ஸ்டாண்ட், அச்சுக்கு அடியில் ஜாக்கி. அச்சைப் பட்டையோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள், இறுக்கத்தில் ஒருமுறை நீண்ட போல்ட் மறுபடி பிடி தராது. நான்கு நட்டையும் குறுக்குவாட்டில், படிப்படியாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்க வேண்டும்; 100 கி.மீ. ஓட்டியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை திரும்பப் பாருங்கள். பட்டை முனை போல்ட்டுகளை மட்டும் கையால் மாட்டி வைத்துவிட்டு, டயர் தரையில் பட்டு வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், சில மாதத்தில் கிழிந்து கீச்சிடும். "புது பட்டை சத்தம் போடுகிறது" என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

இன்னொன்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். சில பிக்கப்களில் சேசிஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு சின்னக் கம்பி போகும், அதன் மேல் முனையில் ஒரு பிரேக் வால்வு. பின்பக்கம் தாழ்ந்தால் சுமை ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும் ஏற்பாடு. வண்டியை உயர்த்தியதும் தொட்டி எப்போதும் காலி என்றே அது நினைக்கும். சுமையோடு மலை இறங்கும்போது முன் பிரேக் மட்டும் வெந்துபோகும். குனிந்து பாருங்கள். உங்கள் வண்டியில் இருந்தால் கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். அச்சை முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் இரண்டும் இழுபடாமல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கடைசியில் வீல் அலைன்மென்ட், தவறாமல்.

இவ்வளவு பேசிய லிஃப்ட்டைவிடப் பலன் தரும் சில்லறை வேலை ஒன்று உண்டு: கிரவுன் பிரீதர், அதாவது அச்சுக்குள் காற்று போய்வரும் துளை. ஓடிச் சூடான பின் அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், ஆயில் சீல் ஓரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிறகு வடிகால் நட்டைக் கழற்றினால் பால் காப்பி நிறத்தில் ஆயில் வரும். அச்சின் மேல் இருக்கும் பிரீதருக்குப் பதில் ஒரு நிப்பிள், எரிபொருள் தாங்கும் ரப்பர் டியூப், கேபினுக்குப் பின்னால் உயரமான இடத்தில் சின்ன ஃபில்டர். அச்சு மேலும் கீழும் ஆட டியூபில் தளர்வு விடுங்கள், சைலன்சர் பக்கம் போகக் கூடாது. முன் கிரவுன், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் இதேதான். ஸ்பிதியில் சாலையைக் கடக்கும் நாலாக்களில் (மலை ஓடைகள்) பிற்பகலில் பனியுருகி நீர் ஏறும்போது இதன் அருமை தெரியும். ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் காற்றை மேலிருந்து எடுக்கும் குழாய்) போடுவதென்றால் ஒவ்வோர் இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் அது வெறும் அலங்காரக் குழாய்.

தொட்டி வேலைதான் வீட்டில் செய்ய மிகத் தோதானது. 8-க்கு 4 அடி பிளைவுட் ஷீட் 18 மி.மீ.யில் சுமார் 35 கிலோ, 12 மி.மீ.யில் 23. இரண்டு டிராயருக்கு இரண்டரை ஷீட் ஆகும் என்றால் தடிமன் குறைப்பதில் மட்டும் 30 கிலோ வரை மிச்சம். மேல்தளத்துக்கு மட்டும் 18 போதும், பக்கங்கள் 12. கடையில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை கேளுங்கள், வெட்டிய ஓரங்களில் இரண்டு கோட் எபாக்சி. ஃபர்னிச்சர் கடை டெலஸ்கோப்பிக் சேனல் பெரும்பாலும் 45 கிலோ வரைக்கும்தான், அதுவும் ஆடாத சமையலறையில். ஜல்லி ரோட்டில் அதன் குண்டுகள் பள்ளம் விழுந்து சிக்கும். சேனலே இல்லாமல், டிராயர் அடியில் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பட்டி ஒட்டி வழுக்க விடுங்கள். தூசி புகுந்தாலும் ஓடும், எடையும் குறைவு. பெட்டியைத் தொட்டியின் தகரத்தில் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்காதீர்கள். கட்டுக்கொக்கி இருக்கும் இடங்களிலோ, அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டோ பிடிக்க வேண்டும். போட்ட ஒவ்வொரு ஓட்டையின் விளிம்புக்கும் ஜிங்க் பிரைமர். தூசிக்கு மருந்து டெயில்கேட்டில் இருக்கிறது: ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் கதவிடுக்கு வழியே புழுதி உள்ளே இழுபடும். கதவின் நான்கு ஓரமும், குறிப்பாகக் கீழ் மூலைகளில், ஈ.பி.டி.எம். ரப்பர் பீடிங் ஒட்டுங்கள்.

கூரை டென்ட்டை இந்தப் பயணத்துக்கு விட்டுவிடச் சொல்வேன். ரேக்கோடு 90 கிலோ தலைக்கு மேல், பக்கச்சரிவில் அது வண்டியை இழுக்கும் விதம் ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். தரை டென்ட் 6 கிலோ. ஸ்பிதியில் காசாவிலும் பெரிய கிராமங்களிலும் ஹோம்ஸ்டே கிடைக்கிறது.

மின்சாரத்தில் முதலில் கணக்கு. 40 லிட்டர் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் நாளுக்கு 35 முதல் 60 ஆம்பியர்-மணி தின்னும். 100 ஏ.எச். ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80-க்கு மேல் எடுக்கலாம், எடை 12 கிலோ அளவுதான். ஆனால் லடாக் போகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மின்பலகை தானே தடுத்துவிடும், அப்போது காலையில் வண்டி ஓடியும் சார்ஜ் ஏறவில்லை என்று முழிப்பீர்கள். மணாலி-லே சாலையில் சர்ச்சு, பாங் பக்கம் கோடையிலும் இரவு உறைநிலைக்கு இறங்கும். எனவே பேட்டரி தொட்டியில் வேண்டாம். கேபினுக்குள், பின் சீட்டுக்கு அடியில். பழைய பேட்டரிக்கும் புதியதற்கும் நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் (வண்டி மின்சாரத்தை இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது) போடுங்கள், வெறும் ரிலே போதாது.

ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. 25 ஆம்பியர் சார்ஜர் உள்ளே 30 வரை இழுக்கும். போக 5 மீட்டர், திரும்ப 5 மீட்டர் என்றால், 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயரில் 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். 16 ஸ்கொயரில் 0.33தான். அதையே வாங்குங்கள். இரண்டு பேட்டரியிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். ஒயர் தகரத்தைக் கடக்கும் ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் குரோமெட், முழு நீளத்துக்கும் நெளிகுழாய். எலிக்கும் அதுதான் காவல். ஒயர் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பரை இரவல் வாங்கி அழுத்துங்கள். தளர்ந்த லக் சூடாகி உருகினால் தீப்பிடிக்கலாம். காற்றுக் கம்ப்ரெசரையும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாமல் பேட்டரியில் நேரடியாகக் கொடுங்கள், அந்த ஃபியூஸ் தாங்காது.

வின்ச் கடைசி. வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும், உங்களுக்கு 9,500 பவுண்ட் ரகம். அந்த எண் உருளையில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போது மட்டும். மேலே அடுக்கு ஏற ஏற பலம் குறையும். முழு இழுப்பில் 400 ஆம்பியர் வரை கேட்கும். ஆனால் லடாக் பாதையில் சிக்கினால் உதவ இன்னொரு வண்டி பெரும்பாலும் வந்துவிடும், அதனால் வின்ச் இல்லாமலே சமாளிக்கலாம். மண்வெட்டி, இரண்டு டிராக்‌ஷன் போர்டு, கைனடிக் கயிறு (நீண்டு சுருங்கி இழுப்பது), 4.75 டன் ஷாக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு, இவை 30 கிலோவுக்குள். கயிற்றை டிரெய்லர் இழுக்கும் டோ பாலில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் பீரங்கிக் குண்டு; உயிர் போயிருக்கிறது. கப்பலில் ஏற்றும்போது கட்ட வைத்த மெல்லிய வளையமும் இழுப்புக்கு ஆகாது. சேசிஸில் போல்ட் போட்ட தரமான கொக்கி வேண்டும்.

இரும்பு பம்பர் விஷயத்தில் சட்டம் தெளிவு. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பட்டை, டயர், லிஃப்ட் போன்றவற்றை நடைமுறையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது சோதனைச் சாவடிக்குச் சாவடி மாறுகிறது, அதில் உறுதி தர முடியாது. கழற்றி வைக்கக்கூடிய டிராயர், ஃபிரிட்ஜ், பேட்டரிப் பெட்டி எல்லாம் பெரும்பாலும் சாமான் கணக்கில்தான் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காத மாற்றம் கிளெய்ம் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

எனவே உங்கள் வரிசை: எடைமேடை, டயர், காற்றுக் கம்ப்ரெசர், பிரீதர், டிராயர், மின்சாரம். இவற்றுக்குப் பிறகு எல்லாவற்றையும் ஏற்றி மறுபடி எடை போட்டு, அந்தச் சீட்டைப் பார்த்துப் பட்டையும் முன் ஸ்பிரிங்கும். பலர் முதலில் லிஃப்ட் போட்டுவிட்டுப் பிறகு சுமையேற்றி, தாழ்கிறது என்று இரண்டாம் முறை வாங்குகிறார்கள். உங்கள் சேசிஸில் துரு எவ்வளவு, புஷ்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று படம் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. தொட்டிக்கு அடியில் பட்டை ஹேங்கர் இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன் முழுச் சுமையோடு வால்பாறை வரை ஏறி இறங்குங்கள். வீடு திரும்பியதும் நான்கு ஹப்பையும் கையால் தொடாமல் புறங்கையைப் பக்கத்தில் காட்டிச் சூட்டை ஒப்பிட்டு, யூ-போல்ட், வீல் நட், ரேக் போல்ட், பேட்டரி லக் எல்லாவற்றையும் ரெஞ்ச் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் வழியில் பார்த்தவுடனே தெரியும்.